கற்றதற்கு ஏற்ற காப்புறுதி: வன்னியில் மசாஜ் தொழிலுக்கு இறங்குபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மசாஜ் பாடநெறி முடித்துவிட்டு என்னிடம் வரும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அக்கா, எந்தக் காப்புறுதி மலிவு?" அது கடைசியில் கேட்கவேண்டிய கேள்வி. காப்புறுதிக் கம்பனிக்கு உங்கள் கைப்பழக்கம் தெரியாது. சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது, காப்புறுதிப் பத்திரத்தில் எந்த வேலை குறிக்கப்பட்டிருக்கிறது, சம்பவம் நடந்தபோது நீங்கள் செய்துகொண்டிருந்தது என்ன, இந்த மூன்றும் பொருந்துகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

கிளிநொச்சியில் நான் தொழில் தொடங்கிய இரண்டாம் வருடம், எனக்கு அது பொருந்தவில்லை. நீரிழிவு உள்ள ஓர் அம்மாவின் காலுக்கு ஒத்தடக் கிழி வைத்தேன். காலில் உணர்வு குறைந்திருந்ததால் சூடு கூடியது அவருக்குத் தெரியவில்லை. தோல் கொப்பளித்துவிட்டது. காப்புறுதி இருந்தது. ஆனால் சான்றிதழிலும் பத்திரத்திலும் எண்ணெய் மசாஜ் மட்டும்தான் இருந்தது. கிழி நான் பார்த்துப் பழகிய வேலை. நட்டஈட்டுக் கோரிக்கையை மறுத்துவிட்டார்கள். பத்திரத்தை முதன்முறையாக முழுதாக வாசித்தபோது, அவர்கள் சொன்னது சரி என்று புரிந்தது. அந்த அம்மா மூன்று கிழமை நடக்கச் சிரமப்பட்டார். கீழே உள்ள ஒழுங்கு அதற்குப் பிறகு நான் அமைத்துக்கொண்டது.

தொடங்குமுன் கையில் இருக்கவேண்டியவை

எல்லாச் சான்றிதழ்களின் மூலப்பிரதியும் நகலும், பாடநெறியின் பாடத்திட்டம், செய்முறை மணித்தியாலங்கள் குறித்த கடிதம், தேசிய அடையாள அட்டை, வியாபாரப் பெயர் பதிந்திருந்தால் பிரதேச செயலகம் தந்த பதிவுப் பத்திரம். இவற்றோடு ஒரு கொப்பி.

பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலை இப்போதே ஒத்துப் பாருங்கள். நம் ஆட்களுக்கு அடையாள அட்டையில் ஒரு மாதிரியும், சான்றிதழில் இன்னொரு மாதிரியும், வங்கிப் புத்தகத்தில் வேறொரு மாதிரியும் பெயர் இருப்பது வழக்கம். பத்திரத்தில் உள்ளவரும் சான்றிதழில் உள்ளவரும் ஒரே ஆள்தானா என்ற கேள்வி, கோரிக்கை வைக்கும் நேரத்தில் எழக்கூடாது. வேறுபாடு இருந்தால் பயிற்சி நிலையத்தில் திருத்திக் கேளுங்கள். முடியாவிட்டால் இரண்டும் ஒருவரே என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. நீங்கள் செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். கொப்பியில் மூன்று நிரல்கள் போடுங்கள். முதலாவதில் நான் செய்யும் வேலை, இரண்டாவதில் எங்கே கற்றேன், மூன்றாவதில் எந்தத் தாளில் அது எழுதியிருக்கிறது.

முதல் நிரலில் "மசாஜ்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். முழு உடல் எண்ணெய் மசாஜ், தலை மசாஜ், பாத மசாஜ், ஆழமாக அழுத்திச் செய்வது, மூட்டை நீட்டி மடக்குவது, சூடான கல், ஒத்தடக் கிழி, கர்ப்பிணிகளுக்குச் செய்வது, பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போய்த் தாய்க்கும் குழந்தைக்கும் எண்ணெய் பூசி உருவுவது என்று தனித்தனியாக எழுதவேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஆபத்து வேறு. தலை மசாஜில் வரக்கூடிய பிழையும் கழுத்தை நீட்டுவதில் வரக்கூடிய பிழையும் ஒன்றாகாது. காப்புறுதிக்காரரும் அவற்றை வேறாகத்தான் எடைபோடுவார்.

வன்னியில் பலருக்கு இரண்டாம் நிரலில் "அம்மம்மாவிடம்" என்றோ "ஊர் வைத்தியரிடம்" என்றோ வரும். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. சுளுக்கு உருவுவதில் எங்கள் கிழவிகளுக்கு இருந்த கையைப் பாடநெறியில் நான் இன்னும் காணவில்லை. ஆனாலும் மூன்றாம் நிரல் வெறுமையாக இருந்தால் அந்த வேலைக்குக் காப்பு இல்லை என்று எடுத்துக்கொண்டே அடுத்த படிக்குப் போங்கள்.

முறிவு நெரிவு வைத்தியம் இந்தக் கொப்பிக்குள் வரவே கூடாது. எலும்பைப் பொருத்துவதும் கட்டுப் போடுவதும் வைத்தியம். பாரம்பரிய வைத்தியர்கள் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றுச் செய்கிறார்கள். மசாஜ் சான்றிதழை வைத்துக்கொண்டு அதைத் தொட்டால், காப்புறுதியோடு சட்டமும் உங்கள் பக்கம் நிற்காது.

2. வெறுமையாக உள்ள இடங்களுக்கு முடிவு கட்டுங்கள்

மூன்றாம் நிரலில் வெறுமை இருந்தால் மூன்று வழிகள் உண்டு: அந்த வேலையை நிறுத்துவது, முறையாகக் கற்பது, தெரிந்ததற்கு அங்கீகாரம் எடுப்பது.

மூன்றாவது வழி பலருக்குத் தெரியாது. தேசிய தொழில் தகைமை முறையில், ஏற்கெனவே தொழில் செய்பவர்கள் முன்கற்றலுக்கான அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கலாம். வகுப்பில் இருக்கத் தேவையில்லை. செய்து காட்டவேண்டும், மதிப்பீட்டாளர் பார்ப்பார். தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில், உங்கள் வேலைக்கு எந்தத் தகைமைத் தரம் பொருந்தும் என்று கேளுங்கள். இடப்பெயர்வில் சான்றிதழ்களைத் தொலைத்தவர்களுக்கும், பயிற்றுவித்த நிலையமே இல்லாமல் போனவர்களுக்கும் இது நல்ல வழி.

இந்த முறையில் 1 முதல் 7 வரை மட்டங்கள் இருக்கின்றன. 5ஆம், 6ஆம் மட்டங்கள் டிப்ளோமா, 7 பட்டம். மட்டத்தின் எண்ணைவிட, எந்தெந்த வேலையில் தேர்ச்சி என்று காட்டும் தேர்ச்சி அலகுகளின் பட்டியல்தான் உங்களுக்கு முக்கியம். பெரிய எண்ணுள்ள சான்றிதழிலும் நீங்கள் செய்யும் வேலை இல்லாமல் இருக்கலாம்.

புதிதாகப் பாடநெறியில் சேர்வதென்றால், அந்த நிலையம் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா, அந்தப் பாடநெறிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். நிலையம் பதிவாகியிருந்தும் நீங்கள் சேரும் பாடநெறிக்கு அங்கீகாரம் இல்லாமல் இருக்கலாம். வெளிநாட்டு ஒன்லைன் பாடநெறிகள் விடயத்தில் கவனம். வீடியோ பார்த்துப் பெற்ற சான்றிதழில் செய்முறை மணித்தியாலம் இருக்காது. கம்பனி அதை ஏற்குமா என்று கேட்ட பிறகு காசைக் கட்டுங்கள்.

3. எந்த ஆபத்துக்கு எந்தக் காப்புறுதி என்று பிரியுங்கள்

"எல்லாம் கவர் ஆகும்" என்று முகவர் சொன்னதும் கையெழுத்துப் போடுவதுதான் இந்தக் கட்டத்தின் பெரிய பிழை. நான்கு சம்பவங்களை மனதில் வைத்து ஒவ்வொன்றுக்கும் யார் பொறுப்பு என்று கேளுங்கள்.

வந்தவர் தரையில் சிந்திய எண்ணெயில் வழுக்கி விழுந்து கை முறிந்தால், அது பொதுப் பொறுப்புக் காப்புறுதி. உங்கள் கைப்பட்டுத் தோள்மூட்டில் காயம் வந்தால், அது தொழில்சார் பொறுப்புக் காப்புறுதி. பொதுப் பொறுப்புப் பத்திரங்களில், தொழில்முறைச் சேவையாலோ சிகிச்சையாலோ வரும் காயத்தை விலக்கி எழுதுவது வழக்கம். ஆகவே முதலாவதை மட்டும் வாங்கியவர், மசாஜ் மேசையில் நடக்கும் எதற்கும் காப்பில்லாமல் இருக்கிறார். இதை அறியாமல் வருடக்கணக்காகக் கட்டணம் கட்டியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

மூன்றாவது, நீங்கள் காய்ச்சிப் போத்தலில் கொடுத்த எண்ணெய் ஒருவரின் வீட்டில் வைத்து ஒவ்வாமை தந்தால் அது பொருட்பொறுப்பு. இதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கவேண்டும். நான்காவது, உதவிக்கு வைத்த பிள்ளைக்கு எண்ணெய் சூடாக்கும்போது கை வெந்தால் அது ஊழியர் நட்டஈடு. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டத்தின்படி அந்தப் பொறுப்பு வேலை கொடுத்தவருடையது. சொந்தக்காரப் பிள்ளைதானே என்று விட்டுவிடாதீர்கள்.

யாரிடம் கேட்பது? உங்கள் ஊருக்கு வந்துபோகும் முகவர் அநேகமாக ஆயுள் காப்புறுதி முகவராக இருப்பார். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் காப்புறுதிக் கைத்தொழில் ஒழுங்குபடுத்தல் சட்டத்துக்கு 2011இல் வந்த திருத்தம், ஆயுள் காப்புறுதியையும் பொதுக் காப்புறுதியையும் தனித்தனிக் கம்பனிகளாகப் பிரிக்கச் சொன்னது. உங்களுக்கு வேண்டியது பொதுக் காப்புறுதிக் கம்பனி. பதிவுபெற்ற கம்பனிகளின், தரகர்களின் பட்டியலை இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு வெளியிடுகிறது. முகவர் கம்பனிக்காகப் பேசுபவர், தரகர் பல கம்பனிகளிடம் உங்களுக்காகக் கேட்பவர். மசாஜ் போன்ற அரிதாகக் கேட்கப்படும் தொழிலுக்குத் தரகரிடம் போவதே நல்லது என்பது என் அனுபவம். வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ ஒருநாளைச் செலவழிக்கத் தயாராகுங்கள்.

4. கேள்விகளை எழுத்தில் அனுப்பி, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்

கொப்பியில் உள்ள முதல் நிரலை அப்படியே ஒரு மின்னஞ்சலில் எழுதி, சான்றிதழ் நகல்களை இணைத்து, "இவற்றில் எவற்றுக்குக் காப்பு உண்டு, எவற்றுக்கு இல்லை?" என்று கேளுங்கள். தொலைபேசியில் "ஓம், ஓம், பிரச்சினையில்லை" என்று சொன்னவர் அடுத்த வருடம் வேறு கிளைக்கு மாறிப்போயிருப்பார்.

அதே கடிதத்தில் வேலை செய்யும் இடங்களையும் எழுதுங்கள். கிளிநொச்சிக் கடையின் முகவரி மட்டும் பத்திரத்தில் இருந்தால், மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ ஒரு வீட்டில் போய்ச் செய்தது அதற்குள் வருமா? வீடு தேடிப் போகும் சேவை என்று குறிப்பிட்டு எழுதக் கேளுங்கள். மோட்டார் சைக்கிளின் காப்புறுதி நீங்கள் அந்த வீட்டுக்குப் போய்ச்சேரும் வரைதான்.

காசு வாங்காமல் செய்யும் சேவையையும் கேளுங்கள். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடப்பவர்கள் முல்லைத்தீவுப் பக்கமாகப் போகும் நாட்களில், தங்குமடங்களில் கால் பிடித்துவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். புண்ணியமான காரியம். காயம் வந்தால் காசு வாங்கவில்லை என்பதால் பொறுப்பு மறைந்துவிடாது.

பயிற்சியில் இருக்கும் மாணவர்கள் கேட்கவேண்டியது ஒன்று. வகுப்புக்கு வெளியே, அயலவரை வைத்துப் பழகும்போது நிலையத்தின் காப்புறுதி உங்களோடு வருகிறதா? வராவிட்டால் ஆசிரியரின் கண்முன் மட்டும் பழகுங்கள். மாணவராக இருக்கும்வரை கட்டணம் வாங்கவே வேண்டாம்.

5. முன்மொழிவுப் படிவத்தை நீங்களே நிரப்புங்கள்

வெற்றுப் படிவத்தில் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, "மிச்சத்தை நான் பார்க்கிறேன் தங்கச்சி" என்பார்கள். கொடுக்காதீர்கள். காப்புறுதி, முழு உண்மையைச் சொல்லவேண்டிய கடமையின் மேல் நிற்கும் ஒப்பந்தம். கம்பனி தீர்மானம் எடுக்கத் தேவையான ஒரு விடயம் மறைக்கப்பட்டிருந்தால் பத்திரத்தையே செல்லாததாக்க அவர்களுக்கு இடமுண்டு. எழுதியவர் முகவர் என்றாலும் கையெழுத்து உங்களுடையது.

முன்பு நடந்த சம்பவங்களையும் எழுதுங்கள். என் கிழிச் சம்பவத்தை ஒவ்வொரு தடவையும் எழுதுகிறேன். தொழில் என்ற இடத்தில் "அழகுக்கலை" என்று போட்டால் கட்டணம் குறையும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். படிவம் உங்களுக்கு விளங்கும் மொழியில் இல்லாவிட்டால், மொழி தெரிந்த ஒருவரை அருகில் வைத்து வரிக்கு வரி கேட்டு நிரப்புங்கள். கொடுக்குமுன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

6. பத்திரம் வந்த அன்றே வாசியுங்கள்

முதலில் அட்டவணைப் பக்கம். உங்கள் பெயர், வியாபாரப் பெயர், முகவரி, தொழில் விபரம், திகதிகள். தொழில் விபரத்தில் உங்கள் பட்டியல் முழுமையாக இருக்கவேண்டும். "மசாஜ் நிலையம்" என்று மட்டும் இருந்தால், பட்டியலை எண்டோர்ஸ்மென்டாக, அதாவது பத்திரத்தின் பகுதியாகச் சேரும் இணைப்புத் தாளாக, இணைத்துத் தரச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.

அடுத்தது விலக்குகள். இதை வாசிக்காமல் காப்புறுதி வாங்குவது, கிணற்றின் ஆழம் பார்க்காமல் இறங்குவது போன்றது. சூடு, கர்ப்பிணிகள், குறித்த வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள், தகைமை இல்லாமல் செய்த வேலை என்ற சொற்களைத் தேடுங்கள்.

அப்புறம் தொகை. ஒரு சம்பவத்துக்கான எல்லையும் வருடத்துக்கான மொத்த எல்லையும் வேறு வேறு. முதல் இவ்வளவு ரூபாவை நீங்களே ஏற்கவேண்டும் என்ற தொகையும் இருக்கும். மலிவான பத்திரங்களில் அந்தத் தொகை பெரிதாக இருந்தால், நமக்கு வரக்கூடிய சிறு சம்பவங்கள் எல்லாம் அதற்குள்ளேயே அடங்கிவிடும். கட்டணம் கட்டவேண்டிய கெடுவையும் குறித்துக்கொள்ளுங்கள்.

திகதி விடயம் கொஞ்சம் ஆழமானது. சில பத்திரங்கள் சம்பவம் நடந்த நாளைப் பார்க்கும். தொழில்சார் பொறுப்பில் அதிகம் காண்பது, கோரிக்கை வந்த நாளைப் பார்க்கும் வகை. இரண்டாவது வகையில், மார்கழியில் பத்திரம் முடிந்து, ஐப்பசியில் செய்த வேலைக்குத் தையில் வக்கீல் கடிதம் வந்தால் காப்பு இல்லை. அதனால் ஒரு நாள்கூட இடைவெளி விடாமல் புதுப்பிக்கவேண்டும். கம்பனி மாறினால், பின்னோக்கிய திகதியை, அதாவது எந்த நாளிலிருந்து செய்த வேலைக்குக் காப்பு உண்டு என்று குறிக்கும் திகதியை, பழைய பத்திரம் தொடங்கிய நாளிலேயே வைக்கக் கேளுங்கள்.

கடைசியாக எல்லைப் பரப்பு. ஆவணியில் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்து நிற்பவர்கள் நமக்கு நல்ல வாடிக்கையாளர்கள். திரும்பிப்போனவர் அங்குள்ள நீதிமன்றத்தில் வழக்குப் போட்டால், இலங்கை நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு மட்டும் என்று எழுதிய பத்திரம் உதவாது. அதேபோல அங்கு தொழில் செய்யும் உறவுக்காரர் விடுமுறையில் வந்து உங்கள் கடையில் கைகொடுத்தால், அவருடைய அங்குள்ள பத்திரம் இங்கே செல்லுமா என்று அவர் கேட்டிருக்கவேண்டும். உங்கள் பத்திரத்தில் அவர் பெயர் இல்லை.

7. மேசையில் படுக்கவைக்குமுன் கேட்டு எழுதுங்கள்

காப்புறுதி வாங்கியாயிற்று என்று இதை விட்டுவிடுகிறார்கள். கோரிக்கை வந்தால் கம்பனி முதலில் கேட்பது உங்கள் பதிவேட்டைத்தான். அதைவிட, கேட்காமல் தொட்டால் ஒரு மனிதர் நோவார்.

எங்கள் மண்ணில், பொதுவான படிவங்களில் இல்லாத ஒரு கேள்வி முதலில் வரவேண்டும்: உடம்பில் செல்துண்டு, சன்னம் ஏதாவது இருக்கிறதா? 2009இல் போர் முடிந்த பிறகும் அதைச் சுமந்து நடப்பவர்கள் நிறையப் பேர். சிலர் தாங்களாகச் சொல்லமாட்டார்கள். மெதுவாக, தனியே கேளுங்கள். இருந்தால் அந்த இடத்தில் ஆழ அழுத்தவேண்டாம். வைத்தியர் சரி என்று எழுதித் தந்தால் அதைக் கோவையில் போடுங்கள். செயற்கைக்கால் அணிபவரின் மொட்டுக்காலில் தோல் சிவந்தோ உரிந்தோ இருந்தால் அன்று தொடாதீர்கள்.

நீரிழிவு, இரத்தத்தை ஐதாக்கும் மாத்திரை, காய்ச்சல், அண்மைய சத்திரசிகிச்சை, எலும்புத் தேய்வு, கர்ப்பம் எல்லாம் வழமையான கேள்விகள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, நோவோடு இருந்தால் மசாஜ் செய்யவே கூடாது. நாளத்தில் இரத்தக்கட்டியாக இருக்கலாம். அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிராபத்து. நேரே மாவட்ட வைத்தியசாலைக்கு அனுப்புங்கள்.

பதில்கள், செய்த வேலை, திகதி, அவருடைய கையெழுத்து. செய்த வேலையின் பெயரைக் கொப்பியின் முதல் நிரலில் உள்ள அதே சொல்லால் எழுதுங்கள்.

8. ஏதாவது நடந்துவிட்டால்

முதலில் ஆளைப் பாருங்கள். வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், போய்ப் பாருங்கள். அதற்கு எந்தப் பத்திரமும் தடையில்லை. அன்றே கம்பனிக்குத் தொலைபேசியில் சொல்லி, எழுத்திலும் அனுப்புங்கள். சிறிய காயம்தானே, பிறகு பார்க்கலாம் என்று பிந்தினால் அறிவிக்கும் நிபந்தனை மீறப்படும்.

ஊர் வழக்கம் நம்மை மாட்டிவிடும் இடம் இதுதான். பெரியவர்கள் இரண்டு பேர் வந்து, "பிழையை ஒத்துக்கொண்டு ஒரு தொகையைக் குடுத்து முடி பிள்ளை" என்பார்கள். கம்பனியின் சம்மதமில்லாமல் பொறுப்பை ஒப்புக்கொண்டாலோ காசு தர வாக்குக் கொடுத்தாலோ காப்பு போய்விடும் என்று பத்திரத்தில் எழுதியிருக்கும். "கம்பனிக்கு அறிவிச்சிருக்கிறன் ஐயா, அவையின்ர பதில் வந்ததும் கதைப்பம்" என்று பணிவாகச் சொல்லுங்கள். இணக்கசபைக்கு அழைப்பு வந்தால் கட்டாயம் போங்கள். தீர்வில் கையெழுத்து வைக்குமுன் கம்பனியிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

கோரிக்கையை மறுத்தால் எந்த நிபந்தனையின் கீழ் என்று எழுதித் தரக் கேளுங்கள். அது நியாயமாகப் படாவிட்டால் காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம்.

9. புதிதாகக் கற்றாலும், தொழிலை நிறுத்தினாலும்

புதிய பாடநெறி முடித்த கிழமையே சான்றிதழை அனுப்பி எண்டோர்ஸ்மென்ட் கேளுங்கள். அது கைக்கு வரும்வரை அந்த வேலைக்கு நேரம் கொடுக்காதீர்கள். புதுப்பிக்கும் நாளுக்கு ஒரு மாதம் முன்பு கொப்பியை எடுத்து மூன்று நிரல்களையும் மறுபடி பாருங்கள்.

பிள்ளை பெறவோ வெளிநாடு போகவோ தொழிலை நிறுத்துபவர்கள் உடனே பத்திரத்தை விட்டுவிடுகிறார்கள். காயத்துக்கு நட்டஈடு கேட்டு வழக்குப் போட, 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவதிச் சட்டம் 2 வருடங்கள் தருகிறது. எழுத்திலுள்ள ஒப்பந்தத்தின் பேரில் வரும் வழக்குக்கு அது 6 வருடங்கள். கோரிக்கை வந்த நாளைப் பார்க்கும் பத்திரம் உங்களிடம் இருந்தால், நிறுத்திய பிறகான காலத்துக்கும் காப்பு நீட்டித்துத் தருவார்களா என்று கேளுங்கள். பதிவேடுகளைக் குறைந்தது 6 வருடம் கறையான் ஏறாத தகரப் பெட்டியில் வையுங்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களின் ஏடுகளைத் தனியாகக் கட்டி வையுங்கள். அவர்களுக்கு அந்தக் காலம் 18 வயதாகும்வரை ஓடத் தொடங்காது.